வாக்குக்குச் சாட்சி யார்?



ஒரு காணி கைமாறும்போது உறுதி எழுதுகின்றோம். விற்றவரும் வாங்கியவரும் ஒப்பமிட்டால் மட்டும் போதாது. சாட்சிகளும் அருகிருந்து ஒப்பமிடல் வேண்டும். நாலு பரப்புக் காணிக்கே இத்துணைக் காவல் வேண்டுமாயின், ஒரு நாட்டின் ஆட்சியே கைமாறும் வேளையில் சாட்சியாக நிற்பவர் யார்? இக்கேள்வியை ஆபிரிக்காவின் தென்கிழக்கிலுள்ள மலாவி நாட்டின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்வோம்.

நியாசலாந்து என்ற பெயருடன் பிரித்தானியரின் ஆட்சியில் இருந்த இந்நாடு 1964ஆம் ஆண்டு விடுதலை பெற்றது. ஆயினும் ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் ஒரு கட்சி ஆட்சியே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது. 1993இல் நடைபெற்ற பொதுசன வாக்கெடுப்பில் மக்கள் பல கட்சி முறையை வேண்டினர். 1994இல் தேர்தல் மூலம் ஆட்சி மாறியது. உள்ளூராட்சித் தேர்தலோ 2000ஆம் ஆண்டு நடைபெற்றபின் 2014 வரை ஒத்திவைக்கப்பட்டே வந்தது. அவ்வாண்டு தொடக்கம் ஜனாதிபதி, பாராளுமன்ற உறுப்பினர், உள்ளூராட்சி மன்ற உறுப்பினர் ஆகிய மூவரையும் ஒரே நாளில் தெரிவு செய்யும் முறை வந்தது.

இத்தகைய தேர்தலில் சுயாதீன அவதானிப்பாளரின் கடமை யாது? பெட்டி வெறுமையாக இருப்பதைக் காட்டி முத்திரையிடுவதிலிருந்து, வாக்குகளை எண்ணி முடிவுத்தாளில் பதிவது வரை, அவர் பார்க்கின்றார், குறித்துக்கொள்கின்றார், பின்னர் உலகறியச் சொல்கின்றார். கட்டளையிடும் அதிகாரமோ தடுக்கும் அதிகாரமோ அவருக்கில்லை. எந்தக் கட்சியையும் சாராத கண்ணும் அஞ்சாத நாவுமே அவருடைய கருவிகள்.

அவதானிப்பாளர் இரு வகையினர். ஐரோப்பிய ஒன்றியம், ஆபிரிக்க ஒன்றியம், பொதுநலவாயம் முதலியன அனுப்பும் வெளிநாட்டவர் ஒரு வகையினர். அந்நாட்டுக் குடிமக்களே அமைப்பாகத் திரண்டு செய்யும் அவதானிப்பு மற்றையது. மலாவித் தேர்தல் ஆதரவு வலையமைப்பு என்னும் உள்நாட்டு அமைப்பு 2014இலும் 2019இலும் சமாந்தர வாக்குக் கணிப்பு என்ற முறையைக் கையாண்டது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். நாடெங்கணுமுள்ள வாக்களிப்பு நிலையங்களுள் சிலவற்றைக் குலுக்கல்போல் எழுந்தமானமாகத் தெரிந்து, அங்கு அறிவிக்கப்படும் முடிவுகளைத் தொலைபேசி வழி திரட்டி, உத்தியோகபூர்வ முடிவுடன் ஒப்பிடுவதே இம்முறை. வாக்காளரிடம், நீர் யாருக்கு வாக்களித்தீர் என்று எவரும் கேட்பதில்லை. ஆயினும் இதற்கும் ஓர் எல்லையுண்டு. நாட்டின் மொத்தக் கணக்கு பெரிதும் பிசகியதா என்பதையே இது காட்டும். தனித்தனித் தாள்களில் கைவைக்கப்பட்டதா என்பதை இதனால் முற்றாக அறிய இயலாது.

அந்த எல்லையின் பொருள் 2019இல் விளங்கிற்று. அவ்வாண்டு மே மாதம் 21ஆம் திகதி மக்கள் நீண்ட வரிசைகளில் நின்று வாக்களித்தனர். வெளிநாட்டுக் குழுக்கள் பலவும் வாக்களிப்பின் அமைதியையும் ஒழுங்கையும் தம் முதலறிக்கைகளிற் பாராட்டின. பீற்றர் முத்தாரிக்கா 38.57 சதவீத வாக்குகளுடன் வென்றதாக அறிவிக்கப்பட்டது. லாசரஸ் சக்வேரா 35.41 சதவீதம் பெற்றார். இருவருக்கும் இடையே ஏறத்தாழ 159,000 வாக்குகளே வேறுபாடு. தோற்றதாக அறிவிக்கப்பட்ட சக்வேராவும் சவுலோஸ் சிலிமாவும் நீதிமன்றம் சென்றனர். வீதிகளிலும் மக்களின் எதிர்ப்பு மாதக்கணக்கில் நீடித்தது.

நீதிமன்றத்தில் வெளிப்பட்டது என்ன? முடிவுத்தாள்களின் எண்கள் மீது ரிப்பெக்ஸ் என்னும் வெள்ளைத் திரவம் பூசி வேறு எண்கள் எழுதப்பட்டிருந்தன. மூலத்தாளுக்குப் பதிலாகப் பிரதிகள் ஏற்கப்பட்டிருந்தன; கையொப்பமற்ற தாள்களும் இருந்தன. 2020 பெப்ரவரி 3ஆம் திகதி ஐந்து நீதியரசர்கள், குண்டு துளைக்காத மேலங்கியணிந்து, இராணுவப் பாதுகாப்புடன் நீதிமன்றம் வந்தனர். முறைகேடுகள் பரந்தவை, பாரதூரமானவை எனக் கண்டு ஜனாதிபதித் தேர்தலை இரத்துச் செய்தனர். 150 நாட்களுள் புதிய தேர்தலை நடத்துமாறும், வெல்பவர் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறல் வேண்டுமென்றும் தீர்ப்பளித்தனர். மே மாதத்தில் மேன்முறையீட்டு மன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

அங்ஙனமாயின் அவதானிப்பாளர் பொய்யுரைத்தனரா? அவ்வாறு கூறுதல் நியாயமாகாது. வரிசையின் ஒழுங்கை அவர்கள் கண்டனர், கண்டதைச் சொன்னார்கள். தவறு நேர்ந்ததோ, வாக்களிப்பு முடிந்தபின், முடிவுத்தாள்கள் நிலையத்திலிருந்து பிளான்ரயர் நகரின் கூட்டல் நிலையத்தை அடையும் வழியில். வாக்களிப்பு நன்று என்ற சொல்லை, தேர்தல் நன்று என உலகம் பொருள் கொண்டுவிட்டது. பார்த்ததற்கு மட்டும் சாட்சி சொல்லி, பாராததைப் பாரோம் என வெளிப்படையாகக் கூறுவதே அவதானிப்பாளரின் முதல் அறம். ஜனாதிபதியின் வாக்குகளை எண்ணும்வரை விழித்திருந்து, உள்ளூராட்சி வாக்குகளை எண்ணும்போது உறங்கிவிடும் சாட்சியும் அரைச் சாட்சியே. கிராமத்துக் கிணற்றையும் பாதையையும் நாளாந்தம் தொடுவது அந்த மூன்றாவது வாக்குச் சீட்டன்றோ?

மறுதேர்தல் 2020 ஜூன் 23ஆம் திகதி நடைபெற்றது. கொள்ளைநோய் காரணமாகப் பயணங்கள் தடைப்பட்டிருந்தமையால் வெளிநாட்டு அவதானிப்பாளர் மிகச் சிலரே. அன்று சாட்சியாக நின்றவர் பெரும்பாலும் மலாவி மக்களே. சக்வேரா ஏறத்தாழ 59 சதவீத வாக்குகளுடன் வென்றார். 2025 செப்ரெம்பர் 16ஆம் திகதித் தேர்தலில் காற்று மறுபுறம் வீசிற்று. முத்தாரிக்கா மீண்டும் வென்றார். உத்தியோகபூர்வ முடிவு வெளிவருமுன்னரே சக்வேரா தம் தோல்வியை ஏற்றுக்கொண்டார்.

நேயர்களே, வெளிநாட்டு விருந்தினர் சில நாட்களில் விடைபெறுவர். முடிவுத்தாளோடு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியவன் அந்நாட்டுக் குடிமகனே. வாக்களிப்பது அவனது உரிமை. அவ்வாக்கு எண்ணாகி, அவ்வெண் மாறாது ஊர் சேரும்வரை காத்திருப்பது அவனது கடமை. அக்கடமையைப் பிறரிடம் முற்றாக ஒப்படைத்துவிட முடியாது என்பதே மலாவி நமக்குக் கூறும் பாடம்.