ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுவதா?

(கல்வியாண்டுத் தொடக்கத்தையொட்டி, ராகலையில் பெற்றோரும் ஆசிரியரும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில், தோட்டத் தொடக்கப் பாடசாலைத் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை.)



புதிய கல்வியாண்டு பிறந்துவிட்டது. முதலாம் வகுப்பிற்கு வந்த குழந்தைகளை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மலர் கொடுத்து வரவேற்றுக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற காட்சியை நீங்கள் யாவரும் கண்டு மகிழ்ந்தீர்கள். மலைக்குக் கொழுந்து பறிக்கச் செல்லவேண்டிய தாய்மார் பலர், அன்றைய நாட்பேரை இழந்து, பாடசாலை வாயிலில் வந்து நின்றனர். தம் பிள்ளையின் பெயர் இடாப்பில் ஏறும்வரை அவர்கள் அவ்விடத்தைவிட்டு அகலவில்லை. அந்தத் தாய்மாருக்கு எமது தலை தாழ்ந்த வணக்கம் உரியது.

அந்த இன்பக் காட்சியைப் பற்றிப் பேசி அமர்ந்துவிடுதல் எமக்கு எளிது. எனினும் எமது மேசையின்மீது மற்றோர் இடாப்பும் இருக்கின்றது. அது சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்பை முடித்து, விடுகைப் பத்திரம் பெற்று வெளியேறிய பிள்ளைகளின் இடாப்பு. அவர்கள் இன்று எங்கே இருக்கின்றார்கள்? இவ்வினாவை உங்கள்முன் வைக்கவே வந்தோம்.

எமது குற்றம்

முதலில் எமது குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் முறை. தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதலாண்டுகளில், விடுகைப் பத்திரத்திற் கையெழுத்திட்டுக் கொடுத்தவுடன் எமது கடமை நிறைவேறியது என்றே எண்ணியிருந்தோம். புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்தியெய்தியவர்களுக்கு மாலை சூட்டினோம். படம் பிடித்துச் சுவரில் மாட்டினோம். சித்தியெய்தாத பிள்ளைகளின் பெயரும் எமக்கு நினைவில்லை.

ஒருநாள் கொழும்பு சென்றபோது, கடை வாயிலிற் பெட்டி சுமந்து நின்ற சிறுவன் ஒருவன் எம்மைக் கண்டதும் சுமையை இறக்கிவைத்துக் கைகூப்பினான். “சேர், என்னைத் தெரியவில்லையா?” என்றான். எமக்குத் தெரியவில்லை. தன் பெயரையும், தான் இருந்த லயத்தையும், வகுப்பில் தான் அமர்ந்த இடத்தையுங்கூட அவன் கூறினான். ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ந்தாய் என்று கேட்டோம். “சேரவில்லை சேர். ராகலைக்கு நடக்கத் துணையில்லை. அப்புறம் அப்பாவுக்குச் சுகமில்லை” என்றான். இரண்டே வாக்கியங்களில் தன் கல்வியின் வரலாற்றை முடித்துவிட்டான்.

ஊர் திரும்பியதும் பழைய இடாப்புகளை எடுத்துப் பார்த்தோம். அவன் ஐந்தாண்டுகள் ஒழுங்காகப் பாடசாலைக்கு வந்தவன். கணக்கில் நல்ல புள்ளி பெற்றவன். அவனை இழந்ததற்கு வேறு எவரையும் நாம் குறை கூறமுடியாது. ஒரு நாள், ஒரேயொரு நாள், அவன் கையைப் பிடித்து ஆறாம் வகுப்பு வாயில்வரை நாம் அழைத்துச் சென்றிருந்தால் அவன் நின்றிருக்கமாட்டான். அதைச் செய்யவில்லை.

பாதை பிறந்த கதை

இந்த இடைவெளி ஏன் ஏற்பட்டது? வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1907ஆம் ஆண்டுச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயதுவரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தோட்டத்திலே கல்வி வசதி செய்யவேண்டுமெனத் தோட்ட நிர்வாகத்தைப் பணித்தது. பத்து வயதிற்குப் பின்? அதற்குப் பின் கொழுந்துக்கூடை காத்திருந்தது. ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவிற்கு ஒரு கல்வி: இவ்வளவே தோட்டப் பாடசாலையின் இலக்கணம்.

1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. நாடு முழுவதும் விழாக் கொண்டாடியது. தோட்டப் பாடசாலைகளோ தோட்டங்களின் பொறுப்பிலேயே தங்கிவிட்டன. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றோராக்கியது; வாக்கில்லாத மக்களின் பாடசாலைக்காகப் பேச எவருக்கும் அவசரம் இருக்கவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைக் கையேற்றபோதும் நம் பாடசாலைகள் வெளியே நின்றன. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் நாட்டுடைமையாக்கப்பட்ட பின்னரே, 1977 முதல் படிப்படியாக இப்பாடசாலைகள் அரசின்கீழ் வந்தன. ஏனையோருக்குக் கதவு திறந்து ஒரு தலைமுறைக்காலம் சென்ற பின்பே நமக்குத் திறந்தது.

திறந்த பின்னர் முன்னேற்றம் வராமலில்லை. 1980களில் சுவீடன் நாட்டின் உதவியுடன் புதிய கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மானிய உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோன்றி, நம் பிள்ளைகளையே ஆசிரியராக்கி நமக்கு அனுப்புகின்றது. லயத்திற் பிறந்தவர்கள் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் சட்டத்தரணியாகவும் விளங்குகின்றனர். அவர்களிற் சிலர் இக்கூட்டத்திலும் அமர்ந்திருக்கின்றீர்கள். இவை பெருமைக்குரிய செய்திகளே.

ஆயினும் 1907ஆம் ஆண்டு இட்ட கோடு முற்றாக அழிந்துவிடவில்லை. தோட்டத்தினுள் இருக்கும் பாடசாலைகளிற் பல இன்றும் ஐந்தாம் வகுப்போடு முடிகின்றன. ஆறாம் வகுப்பிற்குப் பிள்ளை மலையிறங்கி நகருக்குச் செல்லவேண்டும். பதினொரு வயதுப் பிள்ளை, மழையில், மூடுபனியில், தேயிலைக்கு நடுவே வளைந்து செல்லும் பாதையிலே காலை இருளில் நடக்கவேண்டும். பெண்பிள்ளையாயின் பெற்றோர் மனம் எப்படித் துணியும்?

ராகலைக்கு ஒரு காலத்தில் இரயில் வந்தது. நானுஓயாவிலே தொடங்கி, நுவரெலியாவையும் கந்தப்பளையையும் கடந்து, இம்மலைகளின்மீது ஏறி வந்த சிறு இரயில் அது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திற் போடப்பட்ட அந்தப் பாதை 1948ஆம் ஆண்டளவில் முற்றாக மூடப்பட்டது. தேயிலைப் பெட்டி துறைமுகம் சேர்வதற்காக மலையைக் குடைந்து தண்டவாளம் போட்ட காலத்திலே, அந்தத் தேயிலையைப் பறித்தவளின் பிள்ளை பாடசாலை சேர்வதற்கு ஒற்றையடிப் பாதையே வாய்த்தது. பெட்டிக்கு வழி கண்டவர்கள் பிள்ளைக்கு வழி காணவில்லை. இன்று பிள்ளைக்கு வழி காணவேண்டியவர்கள் நாமே.

தூரம் வெல்லக் கூடியதே

தூரம் கல்வியைத் தின்னும் என்பதைப் பிறநாட்டாரும் உணர்ந்திருக்கின்றனர். தமிழகத்திலே காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில் (1954–1963) பிள்ளை நடக்கக்கூடிய தூரத்திற் பள்ளி இருக்கவேண்டுமென்று ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். 1956 முதல் மதிய உணவும் அளித்தார். பசியும் தூரமுமே ஏழையின் பகைவர் என்பதை அவர் தம் வாழ்விற் கண்டவர். பீகார் மாநிலத்தில் 2006இல் ஒன்பதாம் வகுப்பிற்குச் செல்லும் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வழங்கினார்கள். பெண்பிள்ளைகள் பெருந்தொகையாக உயர்வகுப்பிற் சேர்ந்தனர். அங்கே குறைந்திருந்தது பிள்ளைகளின் அறிவா? இல்லை, பாடசாலைக்கு ஒரு வழியே குறைந்திருந்தது.

நம் மலைப்பாதையிற் சைக்கிள் ஓடாது, உண்மைதான். ஆனால் துணை நடக்கலாம், பஸ் ஓடலாம்.

“படித்து என்ன கண்டோம்?”

பெற்றோரிற் சிலர் எம்மிடம் கேட்பதுண்டு: “சாதாரண தரம் வரை படித்த பிள்ளையும் வேலையின்றி லயத்தில் இருக்கின்றானே, படித்து என்ன கண்டோம்?” இக்கேள்வியை அலட்சியம் செய்தல் தகாது. நாட்கூலி 1000 ரூபாவாக 2021இலும், 1350 ரூபாவாக 2024இலும் உயர்ந்தமைக்கே எத்தனை போராட்டம் வேண்டியிருந்தது! அரிசி விலையையும் அறிந்தவர்கள் நீங்கள். பிள்ளை கொண்டுவரும் சிறு கூலியும் அடுப்பெரிக்க உதவுகின்றது என்பதை மறுக்கமாட்டோம்.

எனினும் ஒன்றைச் சிந்தியுங்கள். படித்த பிள்ளைக்கு வேலை கிடைக்காததற்குக் காரணம், அவன் கற்ற பள்ளியிற் கணிதத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் ஆசிரியர் போதாமை. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் மிகச் சில. நுவரெலியா மாவட்டம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டமெனக் கொள்ளப்பட்டுப் பல்கலைக்கழக அனுமதியில் அதற்குத் தனி ஒதுக்கீடு உண்டு. கதவு திறந்திருக்கின்றது, கதவுவரை செல்லப் படி இல்லை. அந்தப் படியைக் கேட்டுப் பெறவேண்டுமானால், ஆறாம் வகுப்பிலே நம் பிள்ளைகள் நிறைந்திருக்கவேண்டும். வெற்று வாங்குகளுக்கு எந்த அரசாங்கமும் ஆசிரியரை அனுப்பாது.

சட்டமும் நம் பக்கமே நிற்கின்றது. 1998 முதல் பதினான்கு வயதுவரையும், 2016 முதல் பதினாறு வயதுவரையும் கல்வி கட்டாயமாக்கப்பட்டிருக்கின்றது. பாடநூல் 1980 முதல் இலவசம். பதினொரு வயதிலே பிள்ளையை நிறுத்திவிட்டால், நமக்குச் சேரவேண்டிய ஐந்தாண்டுகளை நாமே தள்ளிவிட்டவர்களாவோம்.

நாம் செய்ய வேண்டுவன

பேச்சோடு நிறுத்துதல் எமது நோக்கமன்று. ஒவ்வொருவரும் ஒரு பங்கை ஏற்கவேண்டும்.

பெற்றோர்களே! டிவிசனுக்கு ஒருவர் வீதம் முறைவைத்துப் பெரியவர் ஒருவர் பிள்ளைகளோடு நகர்வரை நடந்து செல்லுங்கள். பத்துப் பிள்ளைகள் சேர்ந்து நடந்தால் அச்சம் அகலும். 2023இல், நம் முன்னோர் வந்த இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நம்மவர் நடந்தார்களே! அந்த நடையின் பொருள், நம் பிள்ளை பாடசாலைவரை நடப்பதிலேதான் நிறைவுறும்.

மரக்கறிப் பயிர் செய்யும் விவசாயப் பெருமக்களே! உருளைக்கிழங்கு அகழும் காலத்திலும் கரட், லீக்ஸ் கழுவிக் கட்டும் காலத்திலும் உங்களுக்கு ஆள் வேண்டும். வயது வந்தோரை அழையுங்கள். பாடசாலை நாளிற் சிறுவன் ஒருவன் உங்கள் தோட்டத்திற்கு வந்தால், “இன்று பள்ளிக்கூடம் இல்லையா தம்பி?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாற்றுமேடையிற் பிடுங்கிய பயிரை உரிய நாளில் நடாவிட்டால் அது வாடிவிடும் என்பதை உங்களைவிட நன்கறிந்தவர் யார்?

கற்றுயர்ந்த நண்பர்களே! மாதத்தில் ஒரு சனிக்கிழமை எமக்குத் தாருங்கள். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதமும் ஆங்கிலமும் கற்பியுங்கள். பிள்ளைக்கு உங்கள் பாடத்தைவிட உங்கள் உருவமே பெரிய பாடம்.

அரசினரிடமும் பிரதிநிதிகளிடமும் நாம் வேண்டுவது: 2005இல் தொடங்கப்பட்ட சிசு செரிய என்னும் மாணவர் பஸ் சேவையைத் தோட்டப் பாதைகளுக்கும் விரிவாக்குக, விஞ்ஞான, கணித ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்புக. இது சலுகையன்று, கடன்.

இறுதியாக எமது பங்கு. ஐந்தாம் வகுப்பை முடித்த ஒவ்வொரு பிள்ளையையும் இனி நாமே ஆறாம் வகுப்பு வாயில்வரை அழைத்துச் செல்வோம். வராத பிள்ளையின் காம்பிராவைத் தேடி அந்த வாரத்திலேயே வருவோம். அவர்கள் சாதாரண தரப் பரீட்சை எழுதும்வரை அந்த இரண்டாம் இடாப்பை மூடமாட்டோம்.

தோட்டத்திலே பேர் என்றால் ஒரு நாள் வேலை. நேரத்திற்கு வராதவனுக்குப் பேர் இல்லை. பாதி நாள் உழைத்தவனுக்கு அரைப்பேர். நம் பாட்டனும் பாட்டியும் பேருக்காகப் பிரட்டுக்களத்தில் விடியுமுன் நின்றார்கள். நம் பிள்ளைகள் கல்வியில் அரைப்பேரோடு வீடு திரும்பலாமா? முழுப்பேரும் அவர்களுக்குக் கிடைக்கவேண்டும். அடுத்த ஆண்டு இதே நாளில் மீண்டும் கூடுவோம். அன்று அந்த இரண்டாம் இடாப்பை உங்கள்முன் விரித்து ஒவ்வொரு பெயராக வாசிப்போம். ஒரு பெயரேனும் விடையின்றி நில்லாதிருக்கட்டும்.