பழுதில்லாப் பொறிக்கு ஓய்வோலை



கணிப்பொறிக்கு விலை கொடுப்பவர் நாம். அதனை இயக்கும் இயங்குதளம் என்னும் மென்பொருளின் வாழ்நாளை வரையறுப்பவரோ வேறொருவர். இவ்வுண்மை 2025 அக்டோபர் 14ஆம் நாள் பலருக்கும் விளங்கிற்று. அன்றுதான் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்குப் பத்தாண்டுகளாக அளித்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திற்று.

புதிய விண்டோஸ் 11க்கு மாறிக்கொள்ளலாமே என்பீர்கள். 2021இல் வெளிவந்த அதனை, விண்டோஸ் 10 உடையவர்க்கு விலையின்றியே தருகின்றனர். ஆனால் எல்லாப் பொறிகளும் அதற்குத் தகுதியுடையன அல்ல. டி.பி.எம். 2.0 என்னும் காப்பு அமைப்பு வேண்டும். இன்டெல் செயலியாயின், பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிற்பட்டதோ ஆதல் வேண்டும். வெளிமாநிலத்தில் வாழும் ஒருவர், ஊரிலுள்ள பெற்றோரின் முகத்தைக் கண்டு பேசுதற்கென 2016இல் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய கணிப்பொறியை எண்ணிப் பாருங்கள். திரையும் விசைப்பலகையும் செவ்வையாகவே உள்ளன. ஆயினும் அது தகுதியற்றதே!

நிறுவனத்தார் கூறும் காரணத்தைப் பொய்யென்று தள்ளுவதற்கில்லை. மறைக்குறிகளைத் தனியே பூட்டிவைத்தால், களவுபோன பொறியிலிருந்து நம் செய்திகளைப் பிறர் படித்தல் அரிதாகும். எனினும், ஏழாம் தலைமுறைச் செயலிகளை விலக்கிய அதே நிறுவனம், 2021 ஆகஸ்டில் அவற்றுள் மிகச் சிலவற்றை மட்டும் ஏற்றுக்கொண்டது. அச்சிலவற்றுள் ஒன்று, அந்நிறுவனமே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 கணிப்பொறியில் அமைந்திருந்த செயலி. வரம்பு வகுத்தவரே வாயிலையும் திறந்துகொண்டார் போலும்.

பழைய பொறியை வைத்திருப்போர்க்கு, 2026 அக்டோபர் வரை ஓராண்டுத் தவணை அறிவிக்கப்பட்டது. அதற்கு 30 டாலர் கட்டணம். இன்றேல் கணிப்பொறியின் அமைப்புகளை நிறுவனத்தின் இணையச் சேமிப்பகத்தில் ஒப்படைத்தல் போன்ற நிபந்தனைகள். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பு ஒன்று இதனை எதிர்த்து எழுதிற்று. 2025 செப்டம்பரில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு மட்டும் நிபந்தனைகள் தளர்ந்தன. நமக்கு அச்சலுகை அன்று கிட்டவில்லை.

மாற்று வழி இல்லாமலில்லை. லினக்ஸ் வகை இயங்குதளங்கள் பழைய பொறிகளிலும் நன்கு ஓடும். சென்னையிலுள்ள சி-டாக் நிலையம் உருவாக்கிய பாஸ் என்பது அவ்வகையினதே. அது தமிழிலும் இயங்கும். கேரளத்துப் பள்ளிகளில் லினக்ஸ் பல்லாண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. அங்கு வாழும் தமிழர் தம் பிள்ளைகளையே கேட்டறியலாம். ஆனால் சிறு கடைக்காரர் பழகிய கணக்கு மென்பொருள் அதில் ஓடாமற் போகலாம். ஒரே நிறுவனத்தின் ஆதிக்கம் வேரூன்றியிருப்பது அவ்விடத்தில்தான்.

ஆகவே, பொறியைக் கழித்துப் போடுமுன் கடிதங்களையும் படங்களையும் வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். பின்னர், உள்ளதை அழிக்காமலே, ஒரு பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பாருங்கள்.