பதிவேட்டில் ஏறிய பிரதி



மாகறலில் இன்று பட்டம் பெறும் உங்களிடம், ஒரு நாவலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. பிள்ளையில்லாத காளி, பொன்னா தம்பதியின் கதை. நான்கு ஆண்டுகள் எந்தச் சலசலப்பும் இல்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு வெடித்தது. சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரெல்லாம் கொடுத்தார்கள். பிரதிகளை எரித்தார்கள். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் நடந்த அமைதிப் பேச்சுவார்த்தையில், நிபந்தனையற்ற மன்னிப்பு கேட்பதாகவும் விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாகவும் அவரிடம் எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். தமிழ்நாட்டில் இப்படி ஒன்று நடந்ததே என்ற வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை.

விற்காத பிரதியை மிரட்டித் திரும்பப் பெறலாம். ஆனால் முத்திரை குத்தி, எண் கொடுத்து, கடைசிப் பக்கத்தில் தேதித் தாள் ஒட்டிய நூலகப் பிரதி ஆசிரியருடையதும் அல்ல, பதிப்பாளருடையதும் அல்ல. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்தது. தறி ஓட்டும் உங்கள் அப்பாவும் அந்த வரியைக் கட்டுகிறார். நாவலால் மனம் நொந்தவரும் கட்டுகிறார், அதைப் படிக்க விரும்புகிறவரும் கட்டுகிறார். ஒருவர் சொல்லி இன்னொருவர் கையிலிருந்து நூலைப் பிடுங்க, நூலகருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

நூலகத்திலிருந்தே நூலைப் பிடுங்குவது அமெரிக்காவில் நடந்தது. 1939 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்ட நிர்வாகம், பஞ்சம் பிழைக்க வந்த கூலிகளைப் பற்றி ஜான் ஸ்டைன்பெக் எழுதிய நாவலைத் தன் நூலகங்களிலிருந்து அகற்ற உத்தரவிட்டது. நூலகர் கிரெட்சன் நீஃப் அரசு ஊழியர். உத்தரவை மீற முடியாது. ஆனால் வாய்மூடி இருக்கவில்லை. இந்தத் தடை ஆபத்தானது என்று நிர்வாகத்துக்கே கடிதம் எழுதினார். 1941 ஜனவரியில் தடை நீங்கியது.

இங்கே 2016 ஜூலை 5 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு, அந்த நாமக்கல் உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. பெருமாள்முருகன் மீண்டும் எழுத வந்தார்.

அங்கேயும் இங்கேயும் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. நியாயம் வந்து சேர அவ்வளவு காலம் பிடிக்கிறது. அதுவரை நூலைக் காப்பாற்ற வேண்டியது நூலகம்தான்.

உங்களில் சிலர் நூலகர் ஆவீர்கள். சிலர் வருவாய்த் துறைக்குப் போய், நாமக்கல்லில் நடந்தது போன்றதொரு பேச்சுவார்த்தை மேசையில் உட்காருவீர்கள். புத்தகத்தை எடுத்துவிடு என்று நாலு பேர் வந்து நின்றால், உட்காரச் சொல்லுங்கள். மனுவை எழுத்தில் வாங்குங்கள். முடிவு வரும்வரை நூல் அலமாரியிலேயே இருக்கட்டும். நகலெடுத்த பக்கங்களை மட்டும் பார்த்துக் கொதித்து வந்தவருக்கு, அவர் பெயரிலேயே பதிவு போட்டு, முழு நூலையும் இரவல் கொடுத்து அனுப்புங்கள்.