சரக்கு போய்ச் சேர்ந்தது. பணம் எப்போது வரும்?

(சிறு தொழில்முனைவோருக்கான வழிகாட்டி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் ஒரு பொருளைச் சொந்தமாகத் தயாரித்து மொத்த வியாபாரிக்கு அனுப்புகிறவர்கள். தயாரிப்பதில் உங்களுக்குச் சிரமம் இல்லை. விற்ற பணத்தை வாங்குவதில்தான் சிரமம். போன் பண்ணினால், "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பார்கள். அந்த அடுத்த வாரம் மட்டும் வருவதே இல்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் அக்கா பன்னீர் திராட்சையில் ஸ்குவாஷ் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் மொத்த வியாபாரிக்கு 2 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு அனுப்புகிறார். திராட்சைக்கும் சர்க்கரைக்கும் பாட்டிலுக்கும் ரொக்கம் கொடுத்தாயிற்று. வியாபாரியிடமிருந்து நான்கு மாதமாகப் பணம் வரவில்லை. அக்கா வெளியில் வட்டிக்கு வாங்கி ஆட்களுக்குக் கூலி கொடுக்கிறார். யோசித்துப் பாருங்கள்: சின்ன ஆள், பெரிய ஆளுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்!

இதைத் தடுக்கத்தான் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அது சொல்வது எளிமையானது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள். ஆனால் அந்தக் கெடு எந்த நிலையிலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஆர்டர் தாளில் "90 நாள் கழித்துப் பணம்" என்று அச்சடித்து, நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தாலும், சட்டத்தின் முன் 45 நாள்தான்.

"சரக்கு சரியில்லை, அதனால்தான் நிறுத்தி வைத்தோம்" என்று ஆறு மாதம் கழித்துச் சொன்னால்? குறை இருந்தால் சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையென்றால், சரக்கு வந்த அன்றே ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு.

கெடு தாண்டினால் வட்டி உண்டு. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு. மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். அக்காவின் 2 லட்சத்துக்கு ஒரு வருட வட்டி மட்டும் ஏறத்தாழ 39,000 ரூபாய். இன்னொன்றும் உண்டு. கெடு தாண்டிய பாக்கி நிதியாண்டு முடிவிலும் நின்றால், வாங்கியவர் அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாக வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதி இது. அதனால் மார்ச் மாதம் பிறந்தாலே அவருடைய ஆடிட்டரே உங்கள் பாக்கியை நினைவுபடுத்துவார்.

அப்படியும் தரவில்லையென்றால், மாநில அரசு அமைத்துள்ள வசதியாக்க மன்றத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய இடங்களில் இம்மன்றங்கள் உள்ளன. மனுவை இணையவழியில் பதியலாம். வியாபாரி பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை; உங்கள் தொழில் எங்கே இருக்கிறதோ அந்தப் பகுதி மன்றமே விசாரிக்கும். முதலில் சமரசம். அது முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் கூடுதல் காலம் ஆகலாம். தீர்ப்பை எதிர்த்து வியாபாரி நீதிமன்றம் போக நினைத்தால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, இந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான். நடுத்தர நிறுவனத்துக்கு இல்லை. பொருளை வாங்கி விற்க மட்டும் செய்பவர்களுக்கும் இல்லை. 2021 முதல் வியாபாரிகளும் உதயம் பதிவு பெறலாம். ஆனால் அது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே.

இரண்டு, உதயம் பதிவை முதல் சரக்கு அனுப்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பணம் நின்ற பிறகு பதிந்தால், பழைய பாக்கிக்கு அது செல்லுமா என்பதே தனி வழக்காகிவிடும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்; மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள்.

மூன்று, பாக்கியை மூன்று ஆண்டுக்கு மேல் ஆறப்போடாதீர்கள். காலாவதிக் கேள்வி வந்துவிடும்.

நீங்கள் மனசுக்குள் நினைப்பது எனக்குத் தெரியும். "கேஸ் போட்டா அடுத்த ஆர்டர் போயிடுமே சார்?" நியாயமான பயம்தான். மன்றத்துக்கு இழுத்த பிறகும் அவர் உங்களிடமே வாங்குவார் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அதனால்தான் சொல்கிறேன், சட்டத்தைச் சண்டை வந்த பிறகு எடுக்காதீர்கள். முதல் நாளே பில்லில் எழுதுங்கள். உதயம் எண்ணையும், பணம் தர வேண்டிய தேதியையும், தாமதமானால் சட்டப்படி வட்டி உண்டு என்பதையும் ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள். சரக்கு இறக்கியதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கெடு முடிந்த மறுநாளே மரியாதையாக ஒரு கடிதம் அனுப்புங்கள். இதற்கெல்லாம் எந்த வியாபாரியும் கோபப்பட மாட்டார். அவரும் பில் போட்டுப் பிழைப்பவர்தானே?

வாய்ப்பேச்சில் வளர்ந்த உறவு இனிமையானதுதான். ஆனால் பாக்கி விழுந்தால் அந்த உறவும் கெடும், பணமும் நிற்கும். காகிதம் இருந்தால் இரண்டையும் காப்பாற்ற வழி இருக்கிறது. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பில் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். கெடு தேதி எழுத அதில் இடம் இருக்கிறதா?