வெற்றி என்னும் ஒரு சொல்



பெங்களூரில் மல்லேஸ்வரத்தில் வாழும் தமிழன் நான். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். சுற்றறிக்கைகளோடும் விதித் தொகுப்புகளோடும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மல்லாடிய என்னை, அண்மையில் ஒரு சிறு தாள் திணற அடித்துவிட்டது. அதைப்பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

என் மகளுக்கு வயது பதினொன்று. மாலைதோறும் எங்கள் பகுதி மைதானத்தில் கூடைப்பந்து பழகி வருகிறாள். போட்டி முடிந்து அவள் வீடு திரும்பினால், என் தாயார் வாசற்படியிலேயே, "ஜெயிச்சியா கண்ணு?" என்று கேட்பார். அலுவலகத்திலிருந்து வரும் நானும் செருப்பைக் கழற்றுமுன் அதையே கேட்பேன். சென்ற மாதம் அவளுடைய குழு ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. குழந்தை இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை. மூன்றாம் நாள் பயிற்சியாளர் பெற்றோர்க்கெல்லாம் ஒரு தாள் கொடுத்தனுப்பினார். ஜான் வுடன் என்ற அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வெற்றிக்கு வகுத்த இலக்கணம் அதில் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. "என்னடா எழுதியிருக்கு?" என்றார் அம்மா. தமிழில் சொல்லத் தொடங்கியவன் முதற் சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

வுடன் கூறுவது இதுதான்: தன்னால் எட்டக்கூடிய உயரத்தை எட்டுவதற்குத் தன்னாலான முயற்சி அனைத்தையும் செய்தேன் என்று ஒருவன் தன் உள்ளத்தில் அறிவானாயின், அந்த நிறைவினால் உண்டாகும் மன அமைதியே 'சக்ஸஸ்'. எதிராளியை வீழ்த்துவது 'விக்டரி', அது வேறு. ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருக்க, நம் அகராதியோ இரண்டுக்கும் 'வெற்றி' என்றே பொருள் தருகிறது. "வெற்றி பெறாமலே வெற்றி பெறலாம்" என்று மொழிபெயர்த்துப் பார்த்தேன். அம்மா சிரித்துவிட்டார்.

யார் இந்த வுடன்? இந்தியானா மாநிலத்தில் 1910-ஆம் ஆண்டு பிறந்து, பண்ணையில் வளர்ந்தவர். முதலில் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தார். பிள்ளை முதல் தர மதிப்பெண் வாங்கவில்லையென்றால் பிள்ளையோ ஆசிரியரோ தவறிவிட்டதாகப் பெற்றோர் எண்ணுவதைக் கண்டு மனம் வருந்தி, 1934-இல் அவர் இந்த இலக்கணத்தை எழுதினார். ஆம், விளையாட்டு மைதானத்தில் பிறந்ததன்று அது. மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளைப் படுத்திய பெற்றோரைக் கண்டு பிறந்தது. இதைப் படித்தபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

1948-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளரானார். அவருடைய குழு முதன்முதலாக தேசியப் பட்டம் பெற்றது 1964-இல். பதினாறு ஆண்டுகள்! பிறகு 1975 வரையில் பன்னிரண்டு ஆண்டுகளில் பத்துப் பட்டங்கள். இடையே தொடர்ந்து 88 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. இத்தகைய பெருமகனார் ஆண்டுதோறும் முதல் நாள் பயிற்சியில் கற்பித்தது யாது? காலுறை அணிவது! வந்திருப்பவர்களோ நாடறிந்த இளம் வீரர்கள். காலுறையில் சுருக்கம் இருந்தால் கொப்புளம் உண்டாகும். கொப்புளம் உண்டானால் ஆட இயலாது. ஆகவே, சுருக்கமின்றி இழுத்துவிடவும், காலணியின் கயிற்றை இறுக்கிக் கட்டவும் அவரே செய்துகாட்டுவார்.

ஆயினும் என் மனத்தை மிகவும் கவர்ந்தது அவர் புகழ் பெறுவதற்கு முன் நிகழ்ந்த ஒன்று. 1947-இல் இந்தியானாவில் ஓர் ஆசிரியர் கல்லூரியின் குழுவை அவர் பயிற்றி வந்தார். தேசியப் போட்டி ஒன்றுக்கு அழைப்பு வந்தது. ஆனால், கறுப்பின வீரர்கள் அதில் ஆடக்கூடாதென்று விதி. குழுவிலோ கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின இளைஞர் இருந்தார். முதல் வரிசை ஆட்டக்காரர்கூட அல்லர்; மாற்று ஆட்டக்காரர்தாம். அவரை விட்டுவிட்டுச் சென்றிருந்தால் கேட்பார் யாரும் இல்லை. வுடன் அழைப்பையே மறுத்துவிட்டார். மறு ஆண்டு விதி தளர்ந்தது. வாக்கரோடு குழு சென்றது. அப்போட்டியில் ஆடிய முதல் கறுப்பின வீரர் என்ற பெயர் வாக்கருக்குக் கிடைத்தது. இறுதியாட்டத்தில் குழு தோற்றது. இதை என் தாயாருக்குச் சொன்னபோது அவர் "ஜெயிச்சாங்களா?" என்று கேட்கவில்லை. "அந்தப் பிள்ளை அழைச்சிண்டு போனவரை மறந்திருக்கமாட்டான்" என்றார்.

அமெரிக்கா வரையில் போவானேன்? எங்கள் மல்லேஸ்வரத்திலேயே கனரா யூனியன் மண்டபம் இருக்கிறது. பிரகாஷ் படுகோன் சிறுவயதில் இறகுப்பந்து பழகியது அங்கேதான். அது கல்யாணம் நடக்கும் மண்டபம். முகூர்த்த நாள்களில் ஆட்டம் கிடையாது. விளையாட்டைக் கற்பித்தவர் தந்தை ரமேஷ் படுகோன். மைசூர் பாட்மிண்டன் சங்கத்தின் செயலாளராகப் பல்லாண்டு பணியாற்றியவர். 1962-இல் மாநில இளையோர் போட்டியில் முதன்முதலாக இறங்கிய பிரகாஷ் முதல் சுற்றிலேயே தோற்றார். அன்று வயது ஏழு. 1964-இல் அதே பட்டத்தை வென்றார். 1971 முதல் தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் தேசியப் பட்டம். 1980-இல் ஆல் இங்கிலாந்துப் பட்டம். அந்த மண்டபத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு 1980 நினைவுக்கு வருவதில்லை. 1962 தான் நினைவுக்கு வருகிறது. ஏழு வயதுப் பிள்ளை முதல் சுற்றில் தோற்று வந்த நாளில் நானாயிருந்தால் வாசலில் நின்று என்ன கேட்டிருப்பேன்?

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் சொந்தவீடு, சம்பளம், பிள்ளையின் மதிப்பெண் என்று உறவினர் கணக்குக் கேட்கிறார்கள். அந்தக் கணக்கில் நாம் வாங்கும் குட்டைப் பிள்ளைகள் தலையில் இறக்கிவிடுகிறோம்.

மொழிபெயர்ப்பு என்னாயிற்று என்று கேட்கிறீர்களா? வழி காட்டியவர் அம்மாதான். "முயற்சி பண்ணினா ஜெயிக்கலாம்னு வள்ளுவர் சொல்லலையேடா, கூலி கிடைக்கும்னுதானே சொன்னார்?" என்றார். கும்பகோணத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஆள்வினையுடைமை அதிகாரம் அவருக்கு மனப்பாடம். கூலி நல்ல சொல்தான். ஆனால், கூலியைப் பிறர் தரவேண்டும்; வுடன் கூறுவதோ தனக்குத்தானே அறிந்துகொள்வது. ஆகவே, 'நிறைவு' என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் 'கூலி' என்றும் குறித்து வைத்திருக்கிறேன்.

சென்ற ஞாயிறன்று மகள் ஆட்டம் முடிந்து வந்தாள். "எப்படி ஆடினே கண்ணு?" என்றார் பாட்டி. வலப்பக்கமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடத் தனக்கு இப்போது வருகிறதென்று அவள் வெகுநேரம் விவரித்தாள். நானும் பொறுமையாகக் கேட்டேன். சாப்பாட்டின் நடுவில் என்னை அறியாமல், "எத்தனை புள்ளி?" என்று கேட்டுவிட்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.