காலநிலை மாற்றமும் தென்னிந்திய உயர்மலைகளின் அருகிவரும் தாவரங்களும்: மாநாட்டுத் தலைமை உரை



அருகிவரும் காட்டுத் தாவரங்களைக் காக்கும் பணி இதுகாறும் பெரும்பாலும் இரண்டு கேள்விகளை ஒட்டியே நடந்துவந்துள்ளது: ஒரு செடி எங்கெங்கே வளர்கிறது, அங்கே எத்தனை எஞ்சியுள்ளது. இவற்றுக்கு விடை கிடைத்தபின் அவ்விடத்தைச் சுற்றி எல்லைக்கோடு வரைந்து, அதற்குள் மரம் வெட்டுவதையும் நிலம் திருத்துவதையும் தடுத்துவிட்டால் செடி பிழைத்துக்கொள்ளும் என்று நம்பப்பட்டது. புவி மேற்பரப்பின் வெப்பநிலை 1850–1900 காலத்துச் சராசரியைவிட 2011–2020 பத்தாண்டில் ஏறத்தாழ 1.1 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிட்ட நிலையில் அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டுள்ளது. குறிப்பிட்ட வெப்பம், ஈரம், மண், துணையுயிர்கள் ஆகியவை ஒருங்கே அமைந்த சூழலில்தான் ஒரு செடி தழைக்கும். அச்சூழல் மெல்ல இடம் மாறும்போது உடன் செல்லச் செடிக்கு வழியுண்டா என்பது மூன்றாவது கேள்வி. அதற்கு விடை தேடவே இம்மாநாடு கூடியுள்ளது.

தென்னிந்திய உயர்மலைகளில் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறைகிறது. இதனை வெப்பத் தணிவு வீதம் என்பர். அதன்படி, வெப்பம் ஒரு டிகிரி கூடினால் பழைய குளிர்ச்சியை அடைய ஒரு தாவரம் ஏறத்தாழ 150 மீட்டர் மேலேற வேண்டும். 2400 மீட்டர் உயரத்தில் வளரும் செடி இரண்டு டிகிரி உயர்வை ஈடுகட்ட 2700 மீட்டரை எட்டியாக வேண்டும். ஆனால் தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியின் உயரமே 2695 மீட்டர்தான். நீலகிரியின் தொட்டபெட்டா 2637 மீட்டரோடு நின்றுவிடுகிறது. மேலும், உயரம் கூடக் கூட மலையின் பரப்பு சுருங்குவதால், சிகரத்தை எட்டிய செடிகளுக்கும் அங்கே கிடைக்கும் நிலம் மிகச் சிறிது.

மேலேற முடியாவிட்டால் வடக்கே செல்லலாம் என்ற வாய்ப்பும் இங்கே குறைவு. வெப்பமண்டலத்தில் சில நூறு கிலோமீட்டர் வடக்கே சென்றாலும் வெப்பம் பெரிதாகத் தணிவதில்லை. ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் இடையே 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் தாழ்ந்து கிடக்கிறது. நீலகிரிக்கு வடக்கே கர்நாடகத்தின் மிக உயர்ந்த சிகரமான முல்லையனகிரியும் 2000 மீட்டரைத் தொடுவதில்லை. வெப்பமான தாழ்நிலம் சூழ, குளிர்ந்த மலைமுகடுகள் ஒன்றுக்கொன்று எட்டாமல் நிற்பதால்தான் ஆய்வாளர்கள் இவற்றை வானத் தீவுகள் என்று குறிப்பிடுகின்றனர். இம்முகடுகளோடு பல தாவர இனங்களால் உறவுகொண்ட இலங்கையின் மத்திய மலைநாட்டுக்கும் இதே நெருக்கடி உண்டு. அங்குள்ள உயர்ந்த சிகரமான பீதுருதாலகாலை 2524 மீட்டர் உயரமே உடையது.

இடம் இருந்தாலும் எல்லாத் தாவரங்களும் ஒரே விரைவில் நகர்வதில்லை. மேற்கு ஐரோப்பாவின் மலைக்காடுகளில் 171 தாவர இனங்களை ஆராய்ந்து 2008இல் வெளிவந்த ஆய்வு, அவை செழித்து வளரும் உயரம் பத்தாண்டுக்குச் சராசரியாக 29 மீட்டர் மேலே சென்றிருப்பதையும், குறுகிய ஆயுள் கொண்ட பூண்டுவகைகளைவிட மரவகைகள் பின்தங்கியிருப்பதையும் காட்டியது. ஒரு தலைமுறை முதிர்ந்து விதை தரும் காலமே தாவரத்தின் நடைக்கு அளவாகிறது என்பது இதனால் விளங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்து, ஒரேயொரு முறை பூத்து, விதையுதிர்த்து மடிகிறது. 2006இல் பூத்த கூட்டம் அடுத்து 2018இல்தான் பூத்தது. ஆகவே அக்கூட்டம் ஓர் அடி எடுத்துவைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. விதை முளைக்கும் அந்த ஒரு பருவத்தில் காட்டுத்தீயோ வறட்சியோ நேர்ந்தால் ஒரு தலைமுறையே தவறிப்போகிறது. ஐ.யு.சி.என். எனப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2024இல் இச்செடியை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களின் வரிசையில் சேர்த்தது.

விதை எவ்வளவு தொலைவு செல்லும் என்பது மற்றோர் அளவு. இம்மலைகளின் காசித்தும்பை இனங்களில் பல வேறெங்கும் காணப்படாத ஓரிடவாழ் தாவரங்கள். அவற்றுள் சில, சோலை எனப்படும் குளிர்ந்த மலைக்காட்டு மரங்களின் பாசி படர்ந்த கிளைகளில் தொற்றி, மழைக்காலத்தில் மட்டும் துளிர்த்துப் பூக்கின்றன. முற்றிய காசித்தும்பைக் காயை விரல் நுனியால் தொட்டாலே அதன் சுவர்கள் ஐந்தாகப் பிளந்து சுருண்டு விதைகளைத் தெறிக்கவிடும். அந்த வெடிப்பின் முழு வலிமையும் சில அடித் தொலைவுக்கே போதுமானது. பாசியை நனைத்துவைக்கும் மேகமூட்டம் மலைச்சரிவில் மேலே விலகுமானால், அதனைப் பின்தொடர இவற்றுக்குக் கால்வலு இல்லை.

காலநிலைக்கேற்ப இடம் பெயர்வது இம்மலைத் தாவரங்களுக்குப் புதிதன்று என்பதையும் இங்கே கருத வேண்டும். பீட் எனப்படும், சதுப்பில் மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்த தாவர எச்சங்களை நீலகிரியில் அகழ்ந்தெடுத்து, அவற்றின் கார்பன் ஐசோடோப்பு விகிதத்தை ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் கணித்து 1993இல் வெளியிட்டனர். மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் கார்பனை வெவ்வேறு ஒளிச்சேர்க்கை வழிகளில் ஈர்ப்பதால், அந்த விகிதமே எந்தக் காலத்தில் எது மேலோங்கியிருந்தது என்பதைச் சொல்லிவிடும். பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், வறட்சியால் புற்கள் பெருகியதையும், பின்னர்ப் பருவமழை வலுத்தபோது மரவகைகள் மீண்டதையும் அவ்வடுக்குகள் காட்டின. அன்று மாற்றம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்ந்தது. மலைச்சரிவுகளும் திறந்து கிடந்தன. இன்று மாற்றம் ஒரு மனித ஆயுளுக்குள் நிகழ்கிறது. சரிவுகளோ தேயிலைத் தோட்டங்களாலும் அயல்நாட்டு மரங்களாலும் கட்டடங்களாலும் அடைபட்டுள்ளன.

விரைவான வெப்ப உயர்வும் சரிவுகளின் அடைப்பும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன என்பதே இத்துறையில் அண்மைக்காலத்தில் வெளிப்பட்ட முதன்மையான செய்தி. இம்மலைகளில் சோலைக்காடும் புல்வெளியும் அடுத்தடுத்து நிலைத்திருப்பதற்குக் குளிர்கால உறைபனி ஒரு காரணம். திறந்த புல்வெளியில் இரவில் படியும் உறைபனி மரக்கன்றுகளைக் கருக்கிவிடுவதால் புல் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொள்கிறது. உறைபனி குறைந்து வெப்பம் கூடும்போது இச்சமநிலை குலைவதையும், அயல் மரங்களின் ஊடுருவல் அதனை விரைவுபடுத்துவதையும் அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோரின் 2020ஆம் ஆண்டு ஆய்வு விளக்கியது. பழனி மலையில் நான்கு பத்தாண்டுகளுக்குள் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோப்புகளாகவும் விளைநிலமாகவும் மாறிவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்ட ஆய்வு 2018இல் உறுதிசெய்தது. அயல் மரங்களான சீகையும் கற்பூர மரமும் மூடிய சரிவு, மேலேற வேண்டிய புல்வெளிச் செடிக்குச் சுவராகவே அமைகிறது.

இந்த இழப்பை அளக்கும் முறையிலும் குறை உண்டு. ஒரு தாவரம் உண்மையில் குடிகொண்டுள்ள நிலத்தை வாழ்பரப்பு என்பர். ஐ.யு.சி.என். அதனை இரண்டு கிலோமீட்டர் நீளமும் அகலமும் கொண்ட கட்டங்களை எண்ணிக் கணக்கிடுகிறது. செங்குத்தான மலையில் ஒரு செடி கீழ்ச்சரிவை முழுதும் இழந்து 200 மீட்டர் மேலே ஒதுங்கினாலும், பெரும்பாலும் அதே கட்டத்துக்குள்ளேயே இருப்பதால் எண்ணிக்கை மாறுவதில்லை. அவ்வாறே, தாவரப் பரவல் மாதிரிகள், அதாவது அறியப்பட்ட இடங்களின் தட்பவெப்பத்தைக் கொண்டு எதிர்கால இடங்களைக் கணிக்கும் கணினி முறைகள், பதிவுகள் மிகுந்த இனங்களுக்கே நம்பகமானவை. மிக அரிய செடிக்கோ பதிவுகளே அரியவை. நெடுங்காலம் வாழும் மரங்களில் மற்றொரு மயக்கம் உண்டு. முதிர்ந்த மரங்கள் ஓங்கி நிற்க, அடியில் கன்று ஒன்றும் தழைக்காத நிலையை அழிவுக் கடன் என்பர். காடு பசுமையாகத் தோன்றும்போதே அந்த இனத்தின் முடிவு உறுதியாகிவிட்டிருக்கக்கூடும்.

ஆகவே இம்மாநாட்டின் அமர்வுகள் சில பணிகளை முன்னிறுத்துவது நலம். முதலாவது, உயரப் பதிவு. உலர்தாவரத் தொகுப்புகளில் உள்ள ஒவ்வொரு தாளிலும், அழுத்தி உலர்த்திய செடியின் அருகே, இடமும் உயரமும் நாளும் அது பூத்திருந்ததா காய்த்திருந்ததா என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். 1915 முதல் வெளிவந்த, தாவரவியலாளர் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலுக்கும், நீலகிரி, பழனி முகடுகளைப் பற்றிய ஃபைசனின் நூலுக்கும் ஆதாரமான அத்தகைய தாள்களோடு இன்றைய நிலையை ஒப்பிட்டால் நூறாண்டுப் பெயர்ச்சி புலப்படும். நீலகிரியின் பழங்குடியினரான தோடர்கள் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேயச் சதுப்பு நிலப் புல் ஒன்றைத் தேடிச் சேகரிக்கின்றனர். அது எங்கே வற்றியது, எங்கே எஞ்சியது என்பதை அறிந்த அம்மக்களின் அறிவும் இப்பதிவில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவது, இடம் மீட்டல். தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஊடுருவித் தாவரங்கள் குறித்து வகுத்த கொள்கை, தோப்புகளுக்குள் புதைந்த புல்வெளிகளை மீட்க வழிகாட்டுகிறது. காப்பு எல்லைகள் ஒரே உயரத்தில் சிதறிக் கிடக்காமல், அடிவாரம் முதல் முகடு வரை தொடர்ந்து அமைவதும் இதன் பகுதியே. மூன்றாவது, வேறு வழியற்ற இனங்களுக்கான இடமாற்றம். ஃபுளோரிடாவின் அருகிய ஊசியிலை மரமான டொரேயாவை 2008இல் ஆர்வலர்கள் வட கரோலினாவின் மலைகளில் நட்டபோது, புதிய இடத்தின் உயிர்களுக்கு அது கேடாகுமா என்ற விவாதம் எழுந்தது. அத்தகைய முடிவுகள் இங்கே திட்டமிட்ட சோதனைக்குப் பின்னரே எடுக்கப்பட வேண்டும். விதை வங்கியும் முழு மாற்றாகாது. இலவங்கப்பட்டைக் குடும்பத்தைச் சேர்ந்த சோலை மரங்கள் பலவற்றின் விதைகள் உலர்த்தினால் உயிரிழப்பவை ஆதலால், அவற்றை வளர்தோட்டங்களில் உயிருள்ள மரங்களாகவே காக்க வேண்டியுள்ளது.

இம்மூன்றிலும் இடம் மீட்டலே முதன்மை பெறத்தக்கது. வெப்ப உயர்வைத் தடுப்பது உலக நாடுகள் அனைத்தின் கூட்டுப் பொறுப்பு. ஒரு மலைச்சரிவில் சீகை மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்பதோ அங்குள்ள மக்களாலும் துறைகளாலும் இன்றே தொடங்கக்கூடிய செயல். மேலேற இன்னும் மிஞ்சியுள்ள சில நூறு மீட்டர்களைத் திறந்து வைப்பதற்கான செயல்திட்டத்தை, எந்தச் சரிவு, எந்த இனம், எந்த ஆண்டுக்குள் என்ற தெளிவோடு இம்மாநாடு வகுத்துத் தருமானால் அதன் நோக்கம் நிறைவேறும். அப்பணிக்கு அறிஞர் பெருமக்களை அழைத்து இம்மாநாடு தொடங்கிவைக்கப்படுகிறது.