வலித்தால் திரும்பப் போங்கள்



போன தை மாதம் எங்கள் குழுவில் 4,000 ரூபாய் உள்கடன் வாங்கி, சொத்தை அடைத்த கடைவாய்ப் பல்லுக்கு டவுனில் கேப் போட்டேன். வீட்டுக்கு வந்து மோர் குடித்தால் சுரீர்னு கூசியது. சோறு மென்றால் அந்தப் பல்தான் முதலில் இடித்து வலித்தது. கடன் வாங்கிக் காசைக் கொட்டிட்டு வந்திருக்கான்னு வீட்டில் சொல்வாங்களேன்னு வாயைத் திறக்கவில்லை. கிராம்பை வைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகவே மென்று மூன்று வாரம் ஓட்டினேன்.

குழுக் கூட்டத்தில் நான் டீயை ஆறவைத்துக் குடிப்பதைப் பார்த்த ஊக்குநர் அக்கா, "போட்ட இடத்துக்கே திரும்பப் போ, நானும் வரேன்"னாங்க. போனோம். டாக்டரம்மா ஒரு கலர் தாளைக் கடிக்கச் சொன்னார். கேப் கொஞ்சம் உயரமாக இருந்ததாம். தேய்த்துச் சரிசெய்தார். பத்து நிமிட வேலை. காசும் வாங்கவில்லை. ரெண்டு மூணு நாளில் வலி போய்விட்டது.

அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். வேர் சிகிச்சை செய்யாத பல்லில் நரம்பு உயிரோடு இருக்கும். அதனால் கேப் போட்டபின் சில நாள் கூசலாம், தானாகக் குறையும். ஆனால் கடித்தால் வலித்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, ராத்திரி தூங்கவிடாமல் குத்தினாலோ, ஈறு வீங்கினாலோ தள்ளிப்போடக் கூடாது.

தவணை தவறாமல் கடன் கட்டுகிற நாம், காசு கொடுத்த இடத்தில் "வலிக்குது"ன்னு சொல்லத் தயங்கலாமா? பல் கூசலாம், கேட்பதற்கு நாம் கூசக் கூடாது.